பலன் தெரியாதவர் பயனற்றவரா?

 

ஒருவரிடம் அறிவும் இருக்கிறது, உடல் பலமும் இருக்கிறது. ஆனால் அவரால் எந்தப் பலனும் வெளியே தெரியவில்லை. "இவன் எதற்கும் லாயக்கில்லை" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? அல்லாஹ் படைத்த வானத்தில் இதற்கொரு படிப்பினை இருக்கிறது.

6 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் என்.ஜி.சி. 1300 என்றொரு கேலக்ஸி, அதாவது நட்சத்திர மண்டலம் உள்ளது. அதன் மையத்தின் குறுக்கே நட்சத்திரங்களால் ஆன நீண்ட பட்டை ஒன்று கிடக்கிறது. பட்டையின் இரு முனைகளிலிருந்தும் சுருள் கரங்கள் கிளம்புகின்றன.

நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆன குளிர்ந்த வாயு மேகம், தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சுருங்குகிறது. நடுப்பகுதி இறுகிச் சூடேறி, அணுக்கருக்கள் இணைந்து ஒளிவிடத் தொடங்குகிறது. அப்படியானால் மேகம் இருக்குமிடத்தில் எல்லாம் நட்சத்திரம் பிறக்க வேண்டும் அல்லவா?

சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கியால் ஆராய்ந்தார்கள். கரங்களில் இருப்பது போன்ற மேகங்கள் பட்டையிலும் இருந்தன. ஆனால் புதிய நட்சத்திரங்கள் அங்கே மிகக் குறைவு. பட்டையில் மேகங்கள் அதிவேகத்தில் மோதிக்கொள்கின்றன. வேக வித்தியாசத்தால் இழுபடுகின்றன. நிதானமாகச் சுருங்க அவகாசம் இல்லை. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது.

அந்த வாயு வீணாகிவிட்டதா? இல்லை. இத்தகைய மண்டலங்கள் பலவற்றில், பட்டை வழியே ஓடும் வாயுவில் ஒரு பகுதி மையத்தை நோக்கி இறங்கி, அங்கே வளையமாகச் சேர்கிறது. அந்த வளையத்தில் நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன.

சிந்தியுங்கள்! மேகத்தில் குறையில்லை, அது இருந்த இடம் அப்படி. உங்கள் பிள்ளை படிப்பில் தேறவில்லை, தம்பி தொழிலில் நிலைக்கவில்லை என்றால், அவர் எந்த நெருக்கடிக்குள் இழுபடுகிறார் என்று கேட்டீர்களா? அந்த நெருக்கடியில் உங்கள் ஏச்சுக்கும் பங்கு இருக்கிறதா?

"அப்படியென்றால் என் சோம்பலுக்கும் சூழ்நிலைதான் காரணம்" என்று சொல்லித் தப்பிக்கலாமா? முடியாது. மேகத்துக்குத் தேர்ந்தெடுக்கும் சக்தி இல்லை, கேள்வி கணக்கும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. ஆகவே பிறரை எடைபோடும்போது அவருடைய சூழ்நிலையைப் பாருங்கள். உங்களை எடைபோடும்போது உங்கள் முயற்சியைப் பாருங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

அவசரத் தீர்ப்பை விட்டும் வல்ல அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.