கேட்டுச் சாப்பிடுகிறவர்கள்

மாண்ட்ரியல் பேகலைக் கையில் எடுத்தால் வெறும் ரொட்டி என்றுதான் தோன்றும். மாவு, மேலே எள். ஆனால் அந்த ஊர் முறைப்படி, வளையமாகச் சுற்றிய மாவைத் தேன் கலந்த கொதிநீரில் போட்டு எடுத்த பிறகே விறகடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மாவிலேயே முட்டை சேர்க்கிற கடைகளும் உண்டு. 1919-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஃபேர்மவுன்ட், 1957-இல் வந்த சென் வியாத்தர் என்று பேர்போன இரண்டு கடைகளிலும் எந்த நேரத்தில் போனாலும் ஆள் நிற்கிறது. சுடச்சுட எடுக்கிற வாசனை தெருமுனைவரை வருகிறது. பால், முட்டை, தேன் மூன்றையும் விட்டவன் அங்கே வாசனையோடு திரும்ப வேண்டியதுதான்.

கியூபெக் மாகாணத்தின் நாட்டுச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் இதே கதை. மஞ்சள் பட்டாணி சூப் என்பார்கள். பட்டாணியோடு பன்றித்தொடையும் வெந்திருக்கும். மேப்பிள் பாகு விட்டு மணிக்கணக்கில் வேகவைத்த பீன்ஸ் என்பார்கள். அடியில் உப்புப் பன்றிக்கொழுப்பு கிடக்கும். மேப்பிள் பாகு காய்ச்சும்போதுகூட, பொங்கி வருகிற நுரையை அடக்கத் துளி வெண்ணெயோ கொழுப்போ விடுவது பழைய வழக்கம். பட்டாணி, பீன்ஸ், மரத்தின் சாறு என்று எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. பனிக்காலத்தில் மரம் வெட்டப் போனவர்களின் உடம்புக்குக் கொழுப்பு தேவைப்பட்டது, அது இவற்றோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் குளிரைப் பார்த்த பிறகு அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

பால் விஷயம் வேறு. அங்கே பால் என்பது உணவு மட்டுமல்ல, அரசியலும்கூட. 1886-இல் கனடா மார்ஜரினைத் தடை செய்தது. முதல் உலகப்போரை ஒட்டிச் சில ஆண்டுகள் விட்டுக்கொடுத்ததைத் தவிர, 1948 வரை அந்தத் தடை நீடித்தது. அதன் பிறகும் வெண்ணெய் நிறத்தில் மார்ஜரின் விற்கக் கூடாது என்ற விதியைக் கியூபெக் 2008 வரை விடாமல் வைத்திருந்தது. மாடு வளர்ப்பவர்களின் பிழைப்பைக் காக்க, எண்ணெயின் நிறத்துக்கே சட்டம் போட்ட மாகாணம் அது. அங்கே போய் ‘பால் இல்லாமல் என்ன இருக்கிறது?’ என்று கேட்பது கொஞ்சம் கனமான கேள்வி.

என் அக்கா மகள் குடும்பத்தோடு பியர்பொன்ட்ஸில் இருக்கிறாள். மாண்ட்ரியல் தீவின் வடமேற்கில், ப்ரேரி ஆற்றங்கரையை ஒட்டி நீண்டு கிடக்கிற பகுதி அது. 2002-இல் மாண்ட்ரியலோடு சேர்க்கப்படும்வரை தனி நகராக இருந்தது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் முதலில் கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில்தான் தங்கினார்கள். காலூன்றிய பிறகு பலர் மேற்கே நகர்ந்து இந்தப் பக்கம் வீடு வாங்கினார்கள். அதனால் பியர்பொன்ட்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்க் குரல் கேட்காத நாள் இல்லை.

வீகன் உணவகம் என்று பலகை மாட்டிய இடங்கள் வேண்டுமென்றால் நகர மையத்துக்குப் போக வேண்டும். அங்கே பஞ்சமில்லை. ‘ஓ வீவ்ர்’ 1997-லேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னால் ‘லெ கொமான்சால்’, தட்டை நிறை போட்டுக் காசு வாங்குகிற சைவ பஃபே முறையைப் பிரபலமாக்கியிருந்தது. ஆனால் பியர்பொன்ட்ஸிலிருந்து மையத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். பனி கொட்டுகிற நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. பயணத்தில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இணையத்திலிருந்து எடுத்த பட்டியல் பாதி பதில்தான் சொல்கிறது. மீதிப் பதில், நாம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அடுப்படியில் இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்டால்தான் பெற முடியும்.

கேட்பது நமக்குச் சுலபமில்லை. போட்டதைச் சாப்பிடு, தட்டைப் பார்த்துக் கேள்வி கேட்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். விருந்து வீட்டில் ‘இதில் என்ன போட்டீர்கள்?’ என்றால் சமைத்தவரைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடும். அந்தக் கூச்சத்தில் நல்ல பண்பும் இருக்கிறது என்பதால்தான் அதை உதறுவது கடினம்.

நகரத்தில் ஓர் இந்திய உணவகத்தில் பரிமாறியவரிடம், பால் பொருள் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று விளக்கிச் சொன்னேன். “நோ ப்ராப்ளம் சார், எல்லாம் வெஜ்” என்று சிரித்த முகத்தோடு சொன்னார். வந்த பருப்பின்மேல் வெண்ணெய் மிதந்தது. நானில் தயிர் ஊற்றிப் பிசைவது வழக்கம் என்பது அவருக்கும் தெரியும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்தவர் மனம் கோணக் கூடாது, எதற்கும் ‘இல்லை’ சொல்லக் கூடாது என்று அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இதமான ‘ஆமாம்’ எனக்குப் பயன்படவில்லை.

பியர்பொன்ட்ஸ் பக்கம் ஒரு சின்னத் தமிழ்க் கடை. பாதி மளிகை, பாதி எடுத்துப்போகிற சாப்பாடு. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், வடை, மோதகம். பின்னால் நீராவி படிந்த தட்டுகளில் கறிகள். கல்லாவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார்.

“இந்த வெஜிடபிள் ரோல்ஸ்ல முட்டை சேருமாம்மா?”

“உள்ளுக்கு மரக்கறிதான் அண்ணை. பாண்தூள் ஒட்டுறதுக்கு முட்டையில தோய்க்கிறது. உங்களுக்குச் சரிவராது.”

மறைக்கவும் இல்லை, குழையவும் இல்லை. இடியப்பமும் சொதியும் எடுக்கலாமா என்றேன். சொல்ல வாயெடுத்தவர், “நில்லுங்கோ, குசினியில கேட்டுட்டு வாறன்” என்று உள்ளே போனார். திரும்பி வந்து, “சொதியை விடுங்கோ அண்ணை. தேங்காய்ப்பால் காணாதெண்டு இண்டைக்கு மாட்டுப்பாலும் விட்டிருக்கினம். சம்பலுக்கு மாசி போடேல்லை, பருப்பும் கத்தரிக்காயும் தேங்காய்ப்பாலிலதான். அதுகளோட சாப்பிடுங்கோ” என்றார். சொதி இல்லாத இடியப்பம் கொஞ்சம் வறட்சிதான். ஆனால் அந்தச் சம்பலில் தேசிக்காய்ப் புளிப்பும் செத்தல் மிளகாய்க் காரமும் சரியாக நின்றன. கத்தரிக்காயைப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் போட்டிருந்தார்கள். அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிக நல்ல சாப்பாடு அது என்று தயங்காமல் சொல்வேன். கனடாவில் உள்ள எந்த வீகன் பலகையும் எனக்குத் தராத ஒன்றை அந்த அம்மா தந்தார். தன் கடைச் சரக்கில் ஒன்றை எனக்காக விற்காமல் விட்டார்.

யாழ்ப்பாணச் சமையல் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய கொடை. தேங்காய்ப்பாலின் முதற்பாலும் இரண்டாம் பாலும் அங்கே செய்கிற வேலையை, நம் தமிழ்நாட்டுச் சமையலில் தயிரும் நெய்யும் செய்கின்றன. பிட்டு, இடியப்பம், ஒடியல் கூழில் மீன் போடாத வகை, பலாக்காய்க் கறி, வாழைப்பூ வறை என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போகலாம். கவனிக்க வேண்டியவை மாசிக் கருவாடும் முட்டையும், புலம்பெயர்ந்த ஊர்களில் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக ஊற்றப்படுகிற மாட்டுப்பாலும்தான்.

பயணத்தில் மட்டுமாவது இந்த விரதத்தைத் தளர்த்தலாமே என்று அன்போடு சொல்கிறவர்கள் நிறைய. துளி நெய், ஒரு கரண்டி தயிர், அதற்காகவா இவ்வளவு என்கிறார்கள். நான் பாலை விட்டது உடம்புக்காக அல்ல. கன்று ஈன்றால்தான் பசு பால் தரும். ஈன்றது காளைக்கன்றாக இருந்தால் பால் தொழிலுக்கு அதனால் பயனில்லை. நம் ஊரில் அந்தக் கன்று எங்கே போகிறது என்று யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. கியூபெக்கில் அது ஒளிவுமறைவில்லாத கணக்கு. கனடாவின் இளங்கன்று இறைச்சியில் பெரும்பங்கு அந்த மாகாணத்திலிருந்துதான் வருகிறது. பால்பண்ணைகள் நிறைந்த இடத்தில் அது நடப்பதில் வியப்பில்லை. சைவம் என்று நாம் நிம்மதியாகக் குடிக்கிற பாலுக்கும் அந்தக் கசாப்புக்கும் இடையே சுவர் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்ததால் இந்தக் கணக்கு மாறிவிடாது. இங்கே அது இன்னும் கிட்டத்தில் தெரிகிறது.

அதே கியூபெக் 2015-இல் தன் குடியியல் சட்டத்தைத் திருத்தி, விலங்குகள் பொருட்கள் அல்ல, உணர்வுள்ள உயிர்கள் என்று எழுதிக்கொண்டது. 2022 அக்டோபர் 4 அன்று, விலங்குகளைச் சுரண்டுவது அநீதி என்று நூற்றுக்கணக்கான தத்துவ ஆய்வாளர்கள் கையெழுத்திட்ட பிரகடனமும் மாண்ட்ரியலிலிருந்துதான் வெளிவந்தது. பால்காரர்களின் மாகாணத்திலேயே இந்தக் கேள்வியும் முளைத்திருப்பது எனக்குத் தெம்பு தருகிறது.

கோயிலில்தான் எனக்கு உண்மையான தடுமாற்றம். பியர்பொன்ட்ஸை ஒட்டிய தொலார்-தெ-ஒர்மோவில் திருமுருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில், பனிச்சப்பாத்துகளை வெளியே அடுக்கிவிட்டு உள்ளே போனால் கற்பூர வாசனையில் ஊர் நினைவு வந்துவிடும். கோயில் சோறு என்றால் வெறும் உணவல்ல. 1867-இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் என்று கேட்காமல் போடுகிற சோறு அது, ஏற்கிறவரும் என்ன என்று கேட்காமல் கை நீட்டுவதே முறை என்று நாம் பழகியிருக்கிறோம். அப்படிக் கொடுக்கிற கையிடம் ‘இதில் நெய் இருக்கிறதா?’ என்று எந்த முகத்தோடு கேட்பது?

இதைப் பலநாள் யோசித்திருக்கிறேன். கடையில் காசு கொடுக்கிறேன், கேட்க உரிமை இருக்கிறது. கோயிலில் உரிமை பேச முடியாது. ஆனால் ஏற்பதற்கு உள்ள பணிவு விலகுவதற்கும் இருக்கலாம். சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் கண்ணில் ஒற்றிப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறேன். சுண்டலை நானே வாங்கிக்கொள்கிறேன். பந்தியில் சோறு, பருப்பு, கறி போட்டுக்கொண்டு, நெய்க்கரண்டி வரும்போது இலைக்குமேல் கையை வைத்துக் கும்பிடுகிறேன். விளக்கம் சொல்வதில்லை. இறைவன் சந்நிதியில் ஒருவர் தரும் உணவைப் பற்றி வாதாட எனக்கு மனம் வரவில்லை. இது சரியான முடிவுதானா என்று இன்னொரு வீகன் நண்பர் என்னிடம் சண்டையே பிடித்திருக்கிறார். அங்கேதான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

வீட்டில் கதை வேறு. “மாமா, தயிர்கூடவா?” என்று முதல் நாள் அக்கா மகள் கேட்டாள். “தயிரும்தாம்மா.” ஒரு நிமிடம் யோசித்தவள், ரசத்துக்கு நெய்யில் தாளிப்பதை நிறுத்தி நல்லெண்ணெய்க்கு மாறினாள். பிள்ளைகளுக்கு வழக்கம்போல் பால் உண்டு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கடைக்குப் போகும்போது அவள் மகன் எனக்கு வலதுகையாகிவிட்டான். கனடாவில் பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உட்பொருள் இருக்கும். ஒவ்வாமை தருகிற பால், முட்டை, மீன் போன்றவற்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். கடைசியில் அதற்கென்று தனி வரி இருந்தால் அதைப் பார்த்தால் போதும், இல்லாவிட்டால் உட்பொருள் பட்டியலிலேயே தேட வேண்டும். அவன் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, “லே இருக்கு தாத்தா” என்பான். அடுத்ததை எடுத்து, “இதுல இல்ல” என்பான். தேனும் ஜெலட்டினும் அந்த வரியில் வராது, அவற்றை மேலே தேட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். பிரெஞ்சு தெரியாத எனக்குச் ‘சான் லே, சான் பேர்’ என்று இரண்டு சொல் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். பால் இல்லாமல், வெண்ணெய் இல்லாமல். எந்த உணவகத்திலும் இந்த இரண்டும் உதவும்.

டொரோண்டோவில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் கிளம்பினோம். 540 கிலோமீட்டர், நடுவில் நெடுஞ்சாலைத் துரித உணவுக் கடைகள்தான். அவள் புளியோதரை கிளறிக் கட்டினாள், இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கினாள். வழிப்பயணத்துக்கு நம் பாட்டிமார்கள் கட்டிக்கொடுத்ததும் இதுதான். தயிர்சாதம் என்றால் பொழுதுக்குள் தீர்த்துவிட வேண்டும், புளியோதரை மறுநாளும் நிற்கும். வீகன் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கெடாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் பால் சேராத சாப்பாட்டைக் கட்டுச்சோறாக்கியிருந்தார்கள். கிங்ஸ்டன் பக்கம் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். பிள்ளைகளும் அன்று அதையேதான் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் தைப்பொங்கலுக்குத் தேங்காய்ப்பால் விட்டே பொங்குகிறார்கள். சர்க்கரையும் பயறும் முந்திரியும் சேர்த்தால் நெய் இல்லாத குறை நாக்குக்குத் தெரியாது. அடுத்த தைக்குப் பியர்பொன்ட்ஸில் இருந்தால், அந்தக் கடை அம்மாவிடம் போய், அப்படி ஒரு பானை பொங்கல் எனக்கும் என்னைப் போன்ற இன்னும் சிலருக்கும் செய்து தர முடியுமா என்று கேட்பேன். முடியாதென்றாலும் முகத்துக்கு நேரே சொல்வார்.