உடலின் உரிமையும் இல்லத்தின் உரிமையும்

உடலைப் பேணுவது கடமையா, தன்னலமா? கேட்ட மாத்திரத்தில் விடை எளிதுபோலத் தோன்றும். ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் நின்று இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், அஃது அத்துணை எளிதன்று என்பது புலப்படும்.

குன்னூரில் நாம் அறிந்த இல்லம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவருக்கு வயது நாற்பது. கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். தந்தையாரை நீரிழிவு நோய்க்குப் பறிகொடுத்தவர். தமக்கும் சர்க்கரை கூடி வருவதாக மருத்துவர் எச்சரித்ததும், சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லத் தொடங்கினார். ஓராண்டில் உடல் இளைத்தது. மேட்டுப் பாதையில் நின்று நின்று ஏறிய கால்கள் நில்லாமல் ஏறின. எல்லாம் நன்மையே.

ஆனால், அவர் திரும்பி வரும்போது முட்டை அவிந்திருக்க வேண்டும். எண்ணெய் குறைத்த குழம்பு அவருக்குத் தனியே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வழக்கமான சமையலும் ஆக வேண்டும். மார்கழி, தை மாதக் குளிரிலும் அவருடைய துணைவியார் நாலரை மணிக்கு எழுகிறார். வெந்நீர் வைப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பே. அவருடைய முழங்கால் வலியைக் கவனிக்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. ஒருநாள் அவர் மனம் விட்டுச் சொன்னார்: “அவங்க உடம்பு நல்லா இருக்கணும்னுதான் நானும் துஆ கேட்கிறேன். ஆனா, அந்த உடம்புக்கு உழைக்கிறது நான்தானே!”

இவ்விருவரில் யாரைக் குறை கூறுவது?

கணவரின் முயற்சியை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 10 கோடிப் பேர், நீரிழிவு உடையவர்கள் என்று கண்டது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பை உடலுக்குத் தர வேண்டும், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை இரு நாட்களேனும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. மலைவாசிகளான நம் முன்னோருக்கு இப்பரிந்துரை தேவைப்படவில்லை. ஊரே ஏற்றமும் இறக்கமுமாய் இருந்தது, கால்களே வாகனம். இன்று அதே மேட்டை வண்டியில் கடந்துவிட்டு, இழந்த நடையைக் கூரையின் கீழே இயந்திரத்தின் மேல் தேடுகிறோம். தேடுவது தவறன்று, இழந்ததை உணர்ந்ததன் அடையாளம் அது.

உணவைப் பற்றிய பாடமோ நம் குன்னூரிலேயே எழுதப்பட்டது. 1918ஆம் ஆண்டில் இங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி என்னும் நோயை ஆராயும் பணி இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கிற்று. தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தோரை வாட்டிய நோய் அது. அந்த ஓர் அறைதான் 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது சிறிது இறைச்சி என்று பஞ்சாபிச் சீக்கியரின் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. வெள்ளை ரொட்டி, சர்க்கரை கலந்த தேநீர், டப்பா இறைச்சி என்று இங்கிலாந்தின் ஏழைகள் உண்டதை உண்டவையோ வளர்ச்சி குன்றியதோடு, ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் தலைப்பட்டன. நல்லுணவு பெற்றவை தம்முள் இணங்கி வாழ்ந்தன. எலிகளை வைத்து மனிதரை முற்றும் அளந்துவிட முடியாது. ஆயினும், உடலின் நலமும் கூடி வாழும் குணமும் ஒரே பானையிலிருந்து வருவன என்ற எண்ணம் நம்மைச் சற்றே நிறுத்தி வைக்கிறது.

அதே நிறுவனம் வகுத்து 2024இல் வெளிவந்த உணவு வழிகாட்டி, உடற்கட்டுக்காகப் புரத மாவு உட்கொள்வதைத் தவிர்க்கச் சொல்கிறது. பருப்பும், பயறும், முட்டையும், மீனும், பாலும் வீட்டில் இருக்க, கடையில் விலையுயர்ந்த டப்பாவைத் தேடுவானேன்? அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு: தலைவருக்கு நல்லதென்று மருத்துவர் சொன்ன உணவு பிள்ளைகளுக்கும் நல்லதுதான், சமைப்பவருக்கும் நல்லதுதான். அவ்வாறிருக்க, இரண்டு பானை எதற்கு? தனிப் பானையில் வேவது அவருடைய உணவு மட்டுமன்று, மற்றொருவரின் உறக்கமும்தான்.

இங்கே தேயிலைத் தோட்டத்துப் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சரிவில் நின்று நாள் முழுவதும் கொழுந்து பறித்து, சுமையோடு எடை போடும் இடத்திற்கு நடந்து, மாலையில் லைன் வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்கள் நடப்பதை யாரும் தேகப்பயிற்சி என்று எண்ணுவதில்லை. பயிற்சிக்குப் பின் ஓய்வும் நல்லுணவும் வேண்டும். அவை கிட்டாதபோது உழைப்பு உடலை வளர்ப்பதில்லை, தேய்க்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ பணிபுரியும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று வகுத்தது. ஒரு தாயின் கை கொழுந்து பறிக்க வேண்டுமானால், மற்றொரு கை குழந்தையை ஏந்தியாக வேண்டும் என்ற உண்மையை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. நாம் பயிற்சிக் கூடத்தில் செலவிடும் மணி நேரத்திலும் குழந்தையை ஏந்தி நிற்கும் கை ஒன்று உண்டு. அக்கை யாருடையது என்று கேட்பதே அறத்தின் தொடக்கம்.

புகாரி நூலில் பதிவான நிகழ்ச்சி ஒன்றை வாசகர்கள் அறிவார்கள். நபித்தோழர் ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள், தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றார்கள். அந்த வீட்டில் ஏதோ குறை இருப்பதை அவர்களுக்கு உணர்த்தியது, பேணப்படாத கோலத்தில் நின்ற இல்லத்தரசியின் தோற்றமே. கணவர் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் இருந்தார். ஸல்மான் அவர்கள் அவரை உண்ணச் செய்து, உறங்கச் செய்து, இரவின் இறுதிப் பகுதியில் எழுப்பித் தொழச் செய்தார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் தனித்தனி ஹக்கு உண்டு, அவரவர்க்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை உண்மை என ஏற்றார்கள்.

வணக்கத்தின் பெயராலும் குடும்பத்தின் ஹக்கை எடுத்துக்கொள்ளலாகாது என்றால், உடல்நலத்தின் பெயரால் எடுத்துக்கொள்ளலாகுமா? அதே நேரத்தில், குடும்பத்தின் பெயரைச் சொல்லி உடலின் ஹக்கை மறுப்பதும் முறையன்று. அப்படி மறுத்துக்கொண்டே வாழ்ந்தவர் அந்தக் குன்னூர்த் துணைவியார். தமக்கும் ஓர் உடல் உண்டு, அதுவும் அமானிதமே என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த வீட்டில் ஒரே குழம்பு கொதிக்கிறது. எல்லோருக்கும் எண்ணெய் குறைந்திருக்கிறது. முட்டையை அவரே அவித்துக்கொள்கிறார். வாரத்தில் மூன்று நாள் அவர் கூடத்திற்குச் செல்வதில்லை. பிள்ளைகளை அவர் ஆயத்தம் செய்ய, துணைவியார் அண்டை வீட்டம்மாவுடன் சிம்ஸ் பூங்காப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். முழங்கால் வலி முற்றும் தீர்ந்ததென்று சொல்லமாட்டோம். பயிற்சி குறைந்ததில் கணவருக்குச் சிறு மனக்குறை இருப்பதையும் மறைக்கமாட்டோம்.

உரிமைகளைப் பங்கிடும்போது ஒவ்வொருவர் கையிலும் சிறிது குறையத்தான் செய்யும். ஒருவருடைய கையில் மட்டும் சிறிதும் குறையவில்லையென்றால், அவருடைய பங்கையும் சேர்த்து யார் சுமக்கிறார்கள் என்று அடுப்பங்கரையை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.