எட்டாவது அசைவு

வலது காலில் நிற்க வேண்டும். முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். இடது பாதம் எழும்பி வந்து அந்த முட்டியின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும். வலக்கை நெற்றிக்கு மேலே ஓர் அடியைத் தடுக்கிறது. இடக்கை இடப்பக்கமாகக் கீழே வரும் உதையைத் தடுக்கிறது. முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். காலும் கைகளும் கழுத்தும் ஒரே கணத்தில் வந்து நிற்க வேண்டும். ஹக்தாரி கும்காங் மக்கி என்பார்கள். ஹக்தாரி என்றால் கொக்குக்கால், மக்கி என்றால் தடுப்பு. டேக்வாண்டோவில் கும்காங் என்கிற பூம்சேயின் எட்டாவது அசைவு இது.

இரண்டு வருஷமாக நான் எட்டாவதில் ஆடிக்கொண்டிருக்கிறேன். காற்றடித்த முருங்கைக் கிளை மாதிரி ஆடுகிறேன். முதல் ஏழு அசைவுகளில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கைகளையும் விரித்துத் தடுப்பது ஒன்று, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையில் தாக்கிக்கொண்டே முன்னேறுவது மூன்று, கைவிளிம்பால் தடுத்துக்கொண்டே பின்வாங்குவது மூன்று. இவை முடிந்ததும், பின்வரிசையில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பையன்கள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். எட்டாவதுக்குத்தான் அந்த அமைதி.

கொரியாவில் குடியிருப்புப் பகுதியிலுள்ள தோஜாங் (பயிற்சிக்கூடம்) என்பது பெரும்பாலும் பிள்ளைகளின் இடம். மஞ்சள் வேன் பள்ளிக்கூட வாசலில் அவர்களை ஏற்றி வரும், வகுப்பு முடிந்ததும் வீட்டு வாசலில் இறக்கும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு அது பாதி டேக்வாண்டோ, பாதி பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. டேஜானில் மகளைச் சேர்க்கப் போன இடத்தில், 44 வயதில், நானும் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டேன். மகள் கறுப்பும் சிவப்புமான பட்டை வாங்கிய கையோடு நிறுத்திவிட்டாள். நான் தொடர்கிறேன். இப்போது எனக்கு 50. இரண்டாம் தான் (கறுப்புப் பட்டையில் ஒரு படி) முடித்து மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன். அந்தத் தேர்வுக்கான பூம்சேதான் கும்காங்.

பூம்சே என்பது எதிரியில்லாத சண்டை. வகுத்து வைத்த வரிசையில், வகுத்து வைத்த கோட்டின்மேல், இல்லாத ஒருவனைத் தடுத்து, இல்லாத ஒருவனை அடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பது. கும்காங்கில் 27 அசைவுகள். உதையே கிடையாது, உதைக்குப் பேர்போன கலையில் இது ஒரு விசித்திரம். நடக்கிற கோட்டை மேலிருந்து பார்த்தால் மலையைக் குறிக்கும் சீன எழுத்து: நடுவில் நீளமாக ஒன்று, இருபுறமும் குட்டையாக இரண்டு. கும்காங் என்பது ஒரு மலையின் பெயரும்கூட. அது இப்போது வட கொரியாவில் இருக்கிறது. 1998இல் தெற்கிலிருந்து சுற்றுலாவுக்குத் திறந்தார்கள், 2008இல் மூடிவிட்டார்கள். எங்கள் சபொம்நிம் (ஆசிரியரை அப்படித்தான் அழைக்க வேண்டும்) அந்தப் பத்து வருஷத்தில் போகாமல் விட்டுவிட்டார். "அப்போது வேன் கடன் ஓடிக்கொண்டிருந்தது, பாக்சாநிம்" என்றார். ஆய்வுக்கூடத்தில் பீங்கான்களை உடைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. முனைவர் பட்டம் இருப்பதால் எனக்கு இங்கே பெயர் கிடையாது, பாக்சாநிம்தான்.

மலைக்கு முன்பே அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. வச்சிரம். வைரம். நம் வச்சிரம் சீனம் போய் மொழிபெயர்ந்து, கொரிய உச்சரிப்பில் கும்காங் ஆயிற்று. வச்சிரச்சேதிகை என்ற மகாயான சூத்திரம் இங்கே கும்காங்கியோங். கொரிய பௌத்தத்தின் மிகப் பெரிய பிரிவான ஜோக்யே, தன் அடிப்படை நூலாக அதைத்தான் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பிலேயே ஒரு பழைய சர்ச்சை இருக்கிறது: வச்சிரம்போல வெட்டுவதா, வச்சிரத்தையே வெட்டுவதா? வடமொழித் தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அந்த நூல் முழுக்கப் புத்தர் சுபூதியோடு பேசுகிறார். அங்க அடையாளங்களை வைத்துப் புத்தரைக் கண்டுகொள்ள முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்பதுதான் விடை. ஒன்றைச் சொல்லும், உடனே அதை மறுக்கும், மறுத்ததனாலேயே அதற்கு அந்தப் பெயர் என்று முடிக்கும். திரும்பத் திரும்ப இதே நடை. வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாதே என்பது அதன் சாரமென்றால், நான் செய்துகொண்டிருப்பது என்ன? அதே பெயருள்ள ஒரு வடிவத்தைப் போனில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, முழங்கையின் கோணத்தைத் திரையில் அளவுகோல் வைத்து அளக்கிறேன். டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் தரும் அதிகாரபூர்வ விளக்கம் உறுதி, மலை என்றெல்லாம் பேசுகிறது. பெயர் ஒற்றுமையை நீ ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று கேட்கலாம். கேட்டுத்தான் பார்த்தேன், விடுகிறபாடில்லை.

டேஜானுக்குப் பக்கத்தில் கியேர்யோங் மலையில் தோங்ஹக்சா என்ற கோயில் இருக்கிறது. பிக்குணிகள் படிக்கும் இடம். அதன் பெயரிலும் ஒரு கொக்கு நிற்கிறது. அங்கே வயதான பிக்குணி ஒருவரிடம் சுற்றி வளைத்து இதைக் கேட்டேன். அவர் தினமும் 108 முறை விழுந்து எழுபவர். 108இல் எது சரியான வணக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? அவர் யோசித்து, "முட்டி வலிக்காத ஒன்று வந்தால் சொல்கிறேன்" என்றார். உடன் இருந்த இளையவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சரியான வடிவம் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது, நான் அதை நோக்கி நகர்கிறேன் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர் சபொம்நிம். தத்துவம் பேசி அல்ல. குக்கிவோன் அவ்வப்போது திருத்தங்கள் வெளியிடும்: கை எங்கிருந்து புறப்பட வேண்டும், எந்த வழியாக வர வேண்டும் என்பது போலச் சின்னச் சின்னவை. பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, "இனிமேல் இப்படி" என்பார். நேற்று வரை சரியாக இருந்தது இன்று தவறு. உங்களுக்கு எரிச்சல் வராதா என்று கேட்டேன். "சான்றிதழ் அவர்கள் தருவது" என்றார். அவர் வயது 66.

ஒரு நாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, விளக்கை அரைகுறையாக அணைத்துவிட்டு அவர் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பூம்சே எதுவும் இல்லை. பியோங்கான் என்றார். ஒகினாவாவில் இத்தோசு அங்கோ பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்த பினான் வரிசைதான் கொரிய உச்சரிப்பில் பியோங்கான். கராத்தே. "என் ஆசான் கற்றுக்கொடுத்தது இதுதான். எனக்கு அப்போது பதினோரு வயது. மறக்கச் சொன்னார்கள். போகமாட்டேன் என்கிறது." வெட்கப்பட்ட மாதிரித்தான் சொன்னார்.

இங்கே நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். '7ஆம் அறிவு' படம் வந்து இத்தனை வருஷமாகியும், ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும், "எல்லாம் நம்ம போதிதர்மர் சொல்லிக் குடுத்ததுதானே?" என்கிறார்கள். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று மரபு சொல்கிறது, இருக்கட்டும். அவர் பெயரோடு உடற்பயிற்சியைக் கட்டிவிட்ட சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அவருக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெற்றிடம். கொரியர்களும் இந்த விஷயத்தில் நமக்குச் சளைத்தவர்களில்லை. கல்லறை ஓவியங்களையும் சில்லா காலத்து வீரர்களையும் காட்டி டேக்வாண்டோவுக்கு 2000 வயது என்பார்கள். உண்மையில், ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் ஃபுனாகோஷி கிச்சின் போன்ற ஆசான்களிடம் கராத்தே கற்றுத் திரும்பி, 1940களில் பள்ளிகள் தொடங்கினார்கள். டேக்வாண்டோ என்ற பெயர் வந்தது 1955இல். கும்காங்கை ஒரு குழு உட்கார்ந்து வகுத்தது 1960களின் பிற்பகுதியில். நான் பக்தியோடு செதுக்கிக்கொண்டிருக்கும் மரபுக்கும் எனக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம்.

இருந்தாலும் எட்டாவதுக்கு மட்டும் கல்லில் சாட்சி உண்டு என்றார்கள். கியோங்ஜுவில், தோஹாம் மலைமேல், சொக்குராம் குகைக்கோயில். சில்லா அரசில் 751இல் தொடங்கிய பணி. உள்ளே புத்தர், வாசலில் இரண்டு கும்காங் வீரர்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. கும்காங் மக்கி அங்கிருந்து வந்தது என்பது தோஜாங்குகளில் வழங்கும் பேச்சு.

போன நவம்பரில் போனேன். உள்ளே விடுவதில்லை, கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்க வேண்டும். நம் ஊர்த் துவாரபாலகர்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவர்கள் உறவுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்: அதே முறைப்பு, அதே மார்பு. ஒருவர் 'ஆ' என்று வாய் திறந்தவர், மற்றவர் 'ஹூம்' என்று மூடியவர். கைகள் சொன்னபடியே இருந்தன. பிறகு கீழே பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில்.

கொக்குக்கால் இல்லை. இரண்டு வருஷமாக நான் எதில் ஆடினேனோ அந்தக் கால் கல்லில் இல்லவே இல்லை.

அதைப் பின்னால் வேறோர் இடத்தில் கண்டேன். கன்காக்கு என்று ஒரு கராத்தே வடிவம். 'பாறைமேல் கொக்கு' என்று பொருள், பழைய பெயரை மாற்றி ஃபுனாகோஷி வைத்தது. அதில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. சபொம்நிம்மிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

சொக்குராமிலும் இதே மாதிரி ஒட்டுவேலைக் கதைதான். ஜப்பானிய ஆட்சியில், 1913 முதல் 1915 வரை, அந்தக் குகைக்கோயிலைப் பிரித்துத் திரும்ப அடுக்கினார்கள். அடுக்கும்போது கல்லுக்குப் பின்னால் சிமெண்டைப் போட்டுவிட்டார்கள். அதுவரை மூச்சுவிட்ட கல் வேர்க்கத் தொடங்கியது. 1960களில் கொரிய அரசு மேலே இன்னொரு கூரை கட்டியது, முன்னே மரமண்டபம் எழுப்பியது, ஈரத்தை அடக்க இயந்திரம் வைத்தது. சிமெண்டை உரித்தால் சிற்பங்களுக்கு ஆபத்து, ஆகவே அது உள்ளேயே இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கல்லை ஜப்பானிய சிமெண்டும் கொரிய இயந்திரமும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. இதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. எட்டாவதின் கைகள் சில்லாவிலிருந்தும் கால் ஒகினாவாவிலிருந்தும் வந்திருந்தால், நான் போய்ச் சேர வேண்டிய மூலம் என்று ஒன்று கிடையாது. யாரும் ஒளித்து வைத்திருக்கவில்லை.

அப்படியானால் எதைத் திருத்துகிறேன்? பஸ்ஸில் திரும்பும்போது எல்லாம் இதே யோசனை. என் தாத்தா அம்பாசமுத்திரத்தில் தச்சர். கட்டையைப் புறங்கை விரலால் தட்டிவிட்டு, "வைரம் பாய்ஞ்சிருக்கு" என்றோ, "இன்னும் பாயலைடே" என்றோ சொல்வார். அந்த வைரம் வெளியிலிருந்து யாரும் பதித்ததல்ல. மரம் நின்ற நிலையில், வருஷக்கணக்கில், உள்ளே இறுகுவது. கும்காங் என்றதும் நான் எடுத்துக்கொண்டது நகைக்கடை வைரத்தை, பட்டை தீட்டி முடித்ததை. தாத்தா சொன்ன வைரத்தை மறந்துபோயிருந்தேன்.

ஆனால் மரத்தோடும் முழுக்க ஒப்பிட முடியவில்லை. மரத்துக்கு வேர் இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷனுக்கு அது இல்லை. வெறுங்காலோடு எட்டாவதில் நின்று குனிந்து கணுக்காலைப் பாருங்கள் (குனிந்தால் விழுவீர்கள், ஆகவே போனில் படம்பிடியுங்கள்). தசைநாண்கள் ஓயாமல் துடிக்கும். உடம்பு இடப்பக்கம் சாயத் தொடங்கும், பாதம் அதைப் பிடிக்கும். வலப்பக்கம் சாயும், பிடிக்கும். பிடிப்பது நின்றால் விழுகிறோம். அசையாமல் நிற்பது என்று வெளியிலிருந்து தெரிவது, உள்ளே விழத் தொடங்குவதும் திருத்துவதுமாகவே இருக்கிறது. சொக்குராம் வீரர் நிஜமாகவே அசைவதில்லை, ஏனென்றால் அவர் நிற்கவில்லை. கல் இருக்கிறது, அவ்வளவுதான். வடிவம் வடிவமல்ல, அதனால்தான் அதற்கு அந்தப் பெயர் என்கிற மாதிரியான பேச்சை வார்த்தை ஜாலம் என்று ஒதுக்கியிருந்தவன் நான். அது என் கணுக்காலைப் பற்றிய துல்லியமான அறிக்கையாகவும் இருக்கிறது. திருத்தத்தை முடித்துவிட்டுப் பிறகு நிற்பேன் என்று இரண்டு வருஷம் காத்திருந்தது என் தப்பு.

இதெல்லாம் தெரிந்ததால் ஆட்டம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. கோணம் அளப்பதை விட்டேன். எட்டாவதுக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை இறுக்குவேன், அதையும் விட்டேன். இறுக்கினால் கணுக்காலால் வேலை செய்ய முடிவதில்லை என்று தெரிந்தது. நிற்கும் முட்டியை முன்பைவிட மடக்கினேன். சபொம்நிம் இதை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். அவர் சொன்னபோது அது வெறும் முட்டியைப் பற்றியதாகத்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை ஏழாவது முடிந்ததும் வழக்கம்போலப் பின்வரிசை அமைதியானது. வலக்கால், இடப்பாதம், கைகள், முகம். நின்றது. மூன்று எண்ணினேன், நான்கு எண்ணினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. உள்ளே கணுக்கால் மீன்மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவன், "மாமா இன்னிக்கு ஆடவே இல்லையே" என்று இன்னொருவனிடம் குறைப்பட்டுக்கொண்டது கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே நின்றேன்.

அலுவலக அறையிலிருந்து, வேன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் குரல் கொடுத்தார்.

"பாக்சாநிம், ஒன்பது."