ஊழை யாருக்குச் சொல்வது?

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான்; வீடு சேலையூரில். போன கார்த்திகையில் குறளின் ‘ஊழ்’ அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. விதியைவிட வலியது எதுவுமில்லை, அதை விலக்க வேறு வழி தேடினாலும் அதுவே முந்திக்கொண்டு நிற்கும் என்று 380ஆம் குறளுக்குப் பொருள் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: “எங்களை லாரியில ஏத்திக் கொண்டாந்து இங்க விட்டதும் ஊழா மிஸ்? அதுக்கு ஆர்டர் போட்டவங்க இருக்காங்கல்ல?”

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். பல குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவில் வந்தன. அம்மாவின் வீட்டு வேலை பழைய இடத்தில், பிள்ளையின் பள்ளியும் அங்கே, படுக்கை மட்டும் இங்கே. பேருந்திலேயே மணிக்கணக்கில் கழித்துவிட்டு ஒரு பிள்ளை எப்போது படிக்கும்? இடையில் நின்றுபோனவர்கள் உண்டு. அதைத் தாண்டி வந்தவள்தான் இந்தக் கேள்வியைக் கேட்டவள்.

அவளை ஒரு பள்ளியில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் வைத்திருந்தார்கள். கையில் ‘மினிமம் மெட்டீரியல்’ கொடுத்திருந்தார்கள். அதை மனப்பாடம் செய்தால் 35 வந்துவிடும். தேர்ச்சி பெறட்டும் என்ற அக்கறையில் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாள்களில் ‘ஏன்’ என்று கேட்க ஓர் இடம்கூட இல்லை. எந்தப் பிள்ளைக்கு யோசிக்கும் தேவை அதிகம் இருக்கிறதோ அந்தப் பிள்ளையிடமிருந்துதான் யோசனையை முதலில் எடுத்துவிடுகிறோம்.

அவள் கேட்ட அன்றிரவு குறளின் இரண்டு அதிகாரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 38ஆம் அதிகாரம் ஊழ், 62 ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி. அதன் கடைசிக் குறளான 620, தளராமல் முயல்கிறவர் ஊழையே தோற்று ஓடச் செய்வார் என்கிறது. இந்த முரணுக்குப் பல சமாதானங்கள் உண்டு. எனக்குத் தோன்றியது வேறு. ஊழ் அதிகாரத்தில் பெரும்பாலான குறள்கள் செல்வத்தைப் பற்றியவை: பொருள் சேர்வது, அழிவது, கோடி தொகுத்தும் அனுபவிக்க வாய்க்காமல் போவது. அப்படியானால் அது யாரைப் பார்த்துச் சொன்னது? உள்ளவனைப் பார்த்து, எல்லாம் உன் சாமர்த்தியம் என்று நினைக்காதே என்று சொன்னது. நாம் அதை இல்லாதவன் பக்கம் திருப்பிவிட்டோம். வசதியான வீட்டுப் பிள்ளை ஜெயித்தால் உழைப்பு என்கிறோம், ஏழைப் பிள்ளை தோற்றால் தலையெழுத்து என்கிறோம். அதையும் மீறி அந்த ஏழைப் பிள்ளை ஜெயித்தால் ‘என்ன மன உறுதி!’ என்று கைதட்டிவிட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதே கஷ்டத்தை வைக்கிறோம். மன உறுதி பெரிய குணம்தான். கஷ்டத்தை உண்டாக்கியவர்கள் அந்த உறுதியைப் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது.

நம் மரபில் இந்தக் கேள்வி புதிதல்ல. எல்லாம் முன்பே தீர்ந்தது என்ற ஆசீவகரோடு நீலகேசி வாதாடியதற்கென்றே அவள் பெயரிலான காப்பியத்தில் ஒரு சருக்கம் இருக்கிறது. ஒரு பெண் ஊர் ஊராகப் போய் ஆசான்களைக் கேள்வி கேட்ட காப்பியம் அது. பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, அதை நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவிட்டேன்.

“ஊழ் இல்லம்மா, மனுஷங்க எடுத்த முடிவு. மனுஷங்க எடுத்த முடிவை மாத்தச் சொல்லிக் கேக்கலாம்” என்று மறுநாள் அவளுக்குப் பதில் சொன்னேன். ஆள்வினை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது என்று நம்புகிறேன்.

அதனால் நானும் கேட்கிறேன். ஆற்றங்கரைக் குடும்பங்களை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பொதுத்தேர்வு முடிந்து மே மாதத்தில் மாற்றுங்கள். குடியேறும் இடத்துப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் உறுதியான பிறகு லாரியை அனுப்புங்கள்.