வராத காய்ச்சலுக்கு நேர்த்திக்கடன்

பாட்டி பெற்றது ஐந்து. அதில் இரண்டைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோயிற்று. மூன்றாவதாகப் படுத்தது என் அப்பா. மண்ணீரல் கட்டிபோல் வீங்கி, பல் கிடுகிடுக்கக் கிடந்த பையனைத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் கிடத்தி, பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொடுத்த கொயினா மருந்தையும் விடாமல் புகட்டியிருக்கிறாள். பையன் பிழைத்தான். உடம்பில் தெம்பு இருந்தவரை ஆண்டு தவறாமல் சட்டி எடுத்தாள். "அம்மா காப்பாத்துனா" என்பாள். கொயினாவைப் பற்றிக் கேட்டால், "அதையும் அவதான் குடுத்தா" என்பாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். "அப்ப அந்த ரெண்டு பேர ஏன் பாட்டி காப்பாத்தல?" என்று கேட்டுவிட்டேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். மறுபடி நான் கேட்கவில்லை.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, ஈப்போ புந்தோங்கில் குடியிருக்கிறேன். அன்று கேட்ட கேள்விக்கு ஊழ், வினை என்று பெரியவர்கள் பதில் சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு அவை போதவில்லை. ஆனாலும் பதில் என்று ஏதோ இருக்கிறது. என்னை உறுத்துவது வேறு. காய்ச்சலில் பிழைத்த மகனுக்காகப் பாட்டி சட்டி எடுத்தாள். காய்ச்சலே வராத எனக்காக யார் எடுத்தார்கள்? எடுப்பதென்றால் யாருக்கு எடுப்பது?

எனக்குக் காய்ச்சல் வராமல் போனதற்கு அப்பாவும் ஒரு காரணம். அவர் ரப்பர் பால் வெட்டவில்லை, கொசுவுக்கு எண்ணெய் அடித்தார். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, பம்பை அடித்து அடித்து, லயத்து வீடுகளைச் சுற்றியிருந்த அல்லூர் வாய்க்கால், ஓடை, மாட்டுக் குளம்பு பதிந்த குழிவரை விடாமல் நடப்பார். ஓர் இடத்துக்கு வாரத்துக்கு ஒரு தரம். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. பள்ளி விடுமுறையில் ஒருநாள் கூடவே போனேன். ஓடைக்கரையில் புல் சாய்ந்த இடத்தில் வெள்ளை மங்குக் கிண்ணத்தை அமிழ்த்தி எடுத்துக் காட்டினார். தண்ணீரின் தோலுக்கு அடியில் சிராய்போல இரண்டு மூன்று படுத்திருந்தன. "இங்க பாரு, படுத்துக் கெடக்கறதுதான் குளிர்காய்ச்சல் கொசு. தலகீழா தொங்குனா அது சும்மா கடிக்கிறது." எண்ணெயை அடித்ததும் வானவில் நிறத்தில் ஏடு ஒன்று விரிந்தது. மூச்சுக்கு மேலே வந்தவை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அடியில் இறங்கின. அப்பா அதற்குள் அடுத்த குழிக்குப் போய்விட்டிருந்தார். உயிர்வதை என்றெல்லாம் அவரிடம் பேச முடியாது. நான் பேசியிருக்கிறேன், திட்டுதான் கிடைத்தது.

அந்தக் கொசு அங்கே வந்த கதையைப் பின்னாளில் படித்தபோதுதான் 'தலைவிதி' என்ற சொல்லின்மேல் எனக்குக் கோபம் வந்தது. கொசுதான் குளிர்காய்ச்சலான மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ரோஸ் சிகந்தராபாத்தில் கண்டது 1897-இல். 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டச் செய்தார், காய்ச்சல் இறங்கியது. அதே வேலையைக் குன்றுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறியது! தாழ்நிலத்துக் கொசு நிழலில் வளர்வது. குன்றுக் கொசுவான அனோபிலிஸ் மாகுலாட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. ரப்பர் நடுவதற்காக மரங்களைச் சாய்த்து ஓடையில் வெயில் விழச் செய்ததும் அதற்கு வாசல் திறந்துவிட்டது. மரத்தைச் சாய்த்த கூலியே அந்தக் காய்ச்சலில் கிடந்தான். என் சித்தப்பாவும் அத்தையும் பால்குடி வயதில் போனதற்குப் போன பிறவியைத் தேட வேண்டியதில்லை. மலைச்சரிவைப் பார்த்தாலே போதும்.

ஓடைகளைக் குழாய்க்குள் இறக்கி மண்ணுக்கடியில் ஓடவிடுவதும், மற்றவற்றில் எண்ணெய் அடிப்பதும் வாட்சன் கையாண்ட வழி. அந்த வித்தை கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போனது. 1929 வாக்கில், இன்றைய ஸாம்பியாவிலுள்ள லுவான்ஷியா செம்புச் சுரங்கத்தில் மலேரியாவை அடக்க ரோஸ் ஆய்வுக்கழகத்தின் சார்பில் போனவர் இதே வாட்சன்தான். மலாயாவில் தமிழன் மண்வெட்டி பிடித்து வெட்டிப் பார்த்த வாய்க்கால், அங்கே கறுப்பர் குடியிருப்பைச் சுற்றி வெட்டப்பட்டது. வாட்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. மண்வெட்டிக்கு அன்றைய கூலி.

ஆப்பிரிக்காவில் இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2023-இல் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அங்கேதான், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 1990-களில் கென்யா, கானா போன்ற நாடுகளில் கிராமங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து தோய்த்த கொசுவலை அல்லது திரை கொடுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், வலைக்குள் தூங்கும் ஆயிரம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஐந்தாறு உயிர் தப்புகிறது என்று தெரிந்தது. இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். அந்த ஐந்தாறு யார்? யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் தாய்மார்களில் எவளுக்கும் தன் பிள்ளைதான் தப்பியது என்று தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எந்தச் சந்நிதியில் கிடத்துவாள்?

நம் பக்தி பெயர் தெரிந்த பிழைப்பைத்தான் எண்ணுகிறது. பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கட்டட வேலைக்கு வந்த கூலிகளைக் கொள்ளைநோய் தாக்கியதும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி கெல்லி துரை கட்டிக்கொடுத்தது என்பார்கள். கோயிலின் மேலே தெய்வங்களோடு தெய்வமாகத் தொப்பி போட்ட துரையும் நிற்கிறார். நன்றி மறக்காத சனங்கள்தான் நாம். அந்த நன்றிக்கு நோய் முதலில் வந்தாக வேண்டும்.

இப்படி எழுதிக்கொண்டு வரும்போதே முனியாண்டி குறுக்கே வருகிறார். தோட்டத்து எல்லையில், ஓடை திரும்பும் இடத்தில் இருந்தார். ஆண்டுக்கொரு முறை சேவல், சுருட்டு, சாராயம். என்ன நடந்ததற்காக? ஒன்றும் நடக்காததற்காக. இருட்டில் எல்லையைச் சுற்றி வந்தார், எதுவும் உள்ளே வரவில்லை, அதற்காக. வராததற்கு நன்றி சொல்லும் வழி நம்மிடம் இல்லாமல் இல்லை. அதை மனுசனுக்குச் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவை முனியாண்டி ஆக்கினால் சிரிப்பார். சம்பளத்துக்குத்தான் வேலை செய்தார். கூலி காய்ச்சலில் படுத்தால் பால் நின்றுபோகும் என்பதால்தான் தோட்டமும் எண்ணெய் வாங்கியது, கருணை ஒன்றுமில்லை. கருணையில்லாத செயலுக்குப் புண்ணியம் உண்டா என்று கேட்டால், கொசுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பேன்.

ஒரு தடவை மூன்று வாரம் எண்ணெய் வந்து சேரவில்லை. மழை விட்டு ஓடையோரம் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்த நேரம். அப்பா இரண்டு தடவை ஆபீஸ் கிராணியிடம் போய் நின்றார். ஒன்றரை மாதத்தில் கீழ் லயத்தில் நாலு பிள்ளைகளுக்குக் குளிர்காய்ச்சல். மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் அப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அத்தனை ஆண்டு வேலையில், அந்தப் பெயர் பெரட்டில் உரக்கக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-இல் தொடங்கியது. 2018-இல் நாடு முழுக்க உள்ளூரில் தொற்றிய மனித மலேரியா ஒன்றுகூட இல்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா இன்னும் காட்டோரத்தில் இருக்கிறது, அது தனிக்கதை. எங்கள் தோட்டம் செம்பனையாகி, பாதி வீடமைப்புத் தாமானாகிவிட்டது. கோயில் இருக்கிறது. சுவரில் உபயகாரர்கள் பெயர் சலவைக்கல்லில் இருக்கிறது: கூரைக்கு இத்தனை வெள்ளி, மணிக்கு இத்தனை வெள்ளி.

பழைய தோட்டத்துக் கோயில்களுக்கு இன்னும் திருவிழா நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் எண்ணெய் அடித்தவர் யார் என்று எண்பதைத் தாண்டிய ஒருவரிடமாவது விசாரியுங்கள். பெயர் கிடைத்தால், இந்த ஆண்டு முனியாண்டி படையலில் அந்தப் பெயரையும் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள்.