பொதுநீரும் வினையும்

கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் 1944-ஆம் ஆண்டு நீர்த்தேக்கம் நிறைவெய்தியபோது, தேவாரப் பாடல்பெற்ற திருவெண்பாக்கம் அதன் நீர்ப்பரப்பினுள் அடங்கிற்று. சங்கிலியார்க்குத் திருவொற்றியூரிற் செய்த சூளுறவு பிழைத்தமையாற் கண்ணொளி இழந்த நம்பியாரூரர்க்கு இறைவன் ஊன்றுகோல் ஈந்தருளிய தலம் அதுவேயாம். ஊன்றீசர்க்குப் பின்னர்ப் பூண்டியிற் புதுக்கோயில் எடுக்கப்பட்டது. சென்னை மாநகரம் நீர் பருகும்பொருட்டுப் பழங்கோயில் தன் நிலத்தை நீருக்கு விட்டது என்னலாம். அங்ஙனம் பெற்ற பொதுநீரை மாசுபடுத்துதல் யார்மேல் வினையாய்ச் சாரும் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

கும்மிடிப்பூண்டி வட்டத்திற் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்னும் இரண்டு ஏரிகளை இணைத்து, 50 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதே தேர்வாய்கண்டிகையில் தொழிற்பேட்டை ஒன்றும் உளது. குடிநீரும் தொழிலும் இவ்வாறு அண்டை வீட்டாராய் வாழுமிடத்து இவ்வினா ஏட்டளவில் நில்லாது.

“தொழில் நடத்துவோர் பல்லாயிரவர்க்கு உணவளிக்கின்றனர். கழிவுநீரை வெளிவிட்டானொருவன் எவரையுங் கொல்லக் கருதினானல்லன். கருத்தில்லாதவழி வினையுமில்லை” என்பார் உளர். உணவளித்தல் அறமே, அதனை மறுப்பாரிலர். ஆயின் ஓரறம் பிறிதொரு தீங்கினை விழுங்கிவிடுமென்பது சித்தாந்தத்துக்கு உடன்பாடன்று. நல்வினையின் பயன் வேறாகவும் தீவினையின் பயன் வேறாகவும் நுகரப்படும். அறியாது செய்த பிழைக்கும் நூல்கள் கழுவாய் விதித்தலின், கருத்தின்மை ஒன்றே விடுதலையாகாமை உணர்க.

அன்றியும், அறியாமை எனப்படுவதுதான் யாது? சேறு கலந்த நீர் தன் குற்றத்தைக் கண்ணுக்குக் காட்டும். ஈயம் கரைந்த நீரோ தெளிந்தே நிற்கும். நாவும் அதனை அறியாது. காய்ச்சினும் அந்நஞ்சு நீங்காது. நீர் வற்றவற்ற அதன் செறிவு மிகும். அதனை நெடுநாட் பருகுங் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தான் உண்டென்பதைப் புலப்படுத்தும். ஆணவமோ தன்னிருப்பையும் மறைக்கும் என்பர் மெய்கண்டநூலோர். தெளிந்த நஞ்சுநீர் இதற்கு நல்ல உவமையாம். ஆய்வுச்சாலையில் ஒரு குப்பி நீரைக் கொடுத்து உண்மை அறியும் வாயிலிருந்தும், அறியாதிருத்தலை விரும்பி அதனைக் கொடாதவன் அறியாதவன் அல்லன், அறியாமையைத் தேடிக்கொண்டவனே.

பலர் கூடிச் செய்தமையாற் குற்றம் பங்காகிக் குறையும் என்பதும் பொருந்தாது. பதின்மர் கூடி ஒருவனைக் கொன்றவழிப் பத்திலொரு பங்கு கொலை என ஒன்றில்லை.

இனி, ஆலைக்காரரை மட்டும் சுட்டி ஏனையோர் அமைதல் ஆகாது. ஆரணியாறும் கொசத்தலையாறும் பாயும் மீஞ்சூர்ப் பகுதியில், நகரத்தின் வேட்கைக்கும் வயலுக்குமாக நிலத்தடிநீரை அளவிறந்து இறைத்தமையாற் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. 2010-ஆம் ஆண்டு அவ்வூரையடுத்த காட்டுப்பள்ளியிற் கடல்நீரினின்று நாடோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் ஆலை தொடங்கிற்று. ஊற்றினை உவராக்கிய பின் உவரினை ஊற்றாக்க முயலும் இவ்விந்தையில், குழாயைத் திறக்கும் ஒவ்வொருவர்க்கும் இடமுண்டு.

சிவபூசை செய்யும் அன்பர் திருமஞ்சன நீரைத் தூய ஆடையால் வடித்தே கொள்வர். நுண்ணுயிர் இறவாமைப் பொருட்டும் தூய்மைப் பொருட்டுமாம் அவ்விதி. இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் நீரும் ஒன்றன்றோ? குடத்திலுள்ளபோது அதனைத் திருமேனி என்று தொழுது, வாய்க்காலிலுள்ளபோது கழிவு கொட்டுமிடம் என்று கொள்வாரது வழிபாடு, ஒரு கையால் மலரிட்டு மறுகையாற் கல்லெறிவதனோடு ஒக்கும். குளந்தொடுதல் முதலியவற்றைப் பசுபுண்ணியமென ஒதுக்குவாரும் இதனை நோக்குதல் வேண்டும். நீரைச் சிவவடிவெனக் கண்டு காப்பானுடைய காவல் சிவபுண்ணியத்தின் பாற்படுமேயன்றி வேறாகாது.

நீரை மாசுபடுத்துதலைத் தடுக்குஞ் சட்டம் 1974-ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. அதுவும், ஆய்வுச்சாலைகளும், வெண்பாக்கத்து ஊன்றுகோல் போல்வன. வழி தடவிச் செல்ல உதவுவன, பார்வை ஆகா. நம்பிகள் அங்கு வேண்டியது கண், பெற்றது கோல். அக்கோலை ஊன்றியே அவர் நடந்தார். இடக்கண் கச்சியிலும், மற்றைக்கண் ஆரூரிலும் பின்னரே கிடைத்தன.