மணக்கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். இரண்டும் ஒருவனைப் பிறரோடு பிணைப்பன என்பது பற்றியே நம் முன்னோர் இரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்தனர் போலும். ஆயினும் பிணைக்கும் கயிறு இரண்டும் ஒரு தன்மையன அல்ல. முன்னது மனிதனை நிமிர்ந்து நடக்கச் செய்வது. பின்னது அளவு கடந்தால் அவன் முதுகை முறிப்பது. நம் நாட்டுச் சிறு பட்டணங்களில் நடைபெறும் கலியாணங்களைக் காணுந்தோறும், முதற் கடனைத் தீர்க்கப் புகுந்து இரண்டாவது கடனில் மூழ்கும் நம்மவர் நிலை எம் நெஞ்சை உறுத்துகின்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது, இதிலிருந்து மீள வழியுண்டா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற பட்டணங்களை அன்பர்கள் அறிவார்கள். ஒரு கடைத்தெரு, சில மளிகைக் கடைகள், ஒரு நகைக்கடை, ஒரு கோயில், அதனை அடுத்து ஒரு மண்டபம். சுற்றிலும் முன்பு ரப்பர்க் காடாயிருந்து இன்று செம்பனைக் காடாகிவிட்ட தோட்டங்கள். அத்தகைய பட்டணமொன்றில் அண்மையில் ஓர் இளைஞரும் ஒரு நங்கையும் கையில் ஒரு தாளுடன் எம்மிடம் வந்தனர். அவர் லோரி ஓட்டுபவர். அந்நங்கை பாலர் பள்ளியில் ஆசிரியை. ஒருவரையொருவர் விரும்பி, இரு வீட்டாரும் இசைந்து, நாளும் பார்த்தாயிற்று. தாளில் இருந்தது செலவுக் கணக்கு. மண்டபம், மணவறை அலங்காரம், சமையல், பந்தி பரிமாறுவோர் கூலி, பட்டு, நகை, அழைப்பிதழ், மேளம், படம் பிடிப்பவர் என வரிவரியாக நீண்டு, கூட்டுத்தொகை 40,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. இருவர் சேமிப்பும் சேர்ந்து 11,000.

“மீதிக்கு என்ன செய்வீர்கள்?” என்றோம்.

“மொய் வரும், மாமா,” என்றார் இளைஞர்.

“வாராதொழிந்தால்?”

“தெரிந்தவர் ஒருவர் கடன் தருகிறார். காகிதம் ஒன்றும் வேண்டியதில்லையாம். என் பேங்க் அட்டையைக் கொடுத்து வைத்தால் போதுமாம்.”

அதுவரை தலைகுனிந்திருந்த நங்கை மெல்லச் சொன்னார்: “எனக்கு இவ்வளவும் வேண்டாம், மாமா. அப்பா மனம் நோகக் கூடாது என்றுதான் சும்மா இருக்கிறேன்.”

மறுநாள் அத்தந்தையாரைச் சென்று கண்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர், எம்மினும் மூத்தவர். யாம் சிக்கனத்தைப் பற்றி எடுத்துரைத்தவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: “தம்பி, நாற்பது வருஷமாக ஊரார் வீட்டுப் பந்தியிலே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். என் மகள் கலியாணத்திலே அவர்கள் இலையிலே சோறு போடாமல், நான் எப்படி இந்தத் தெருவிலே நடப்பேன்?”

இதனை வீண் பெருமை என்று தள்ளிவிடுதல் எளிது. சீர்திருத்தம் பேசுவோர் பலர் அவ்வாறே தள்ளிவிடுகின்றனர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அன்றிரவு எண்ணிப் பார்க்கப் பார்க்க, அப்பெரியவர் பேசியது பெருமையைப் பற்றியன்று, கடனைப் பற்றியே என்பது விளங்கிற்று. அவர் ஊருக்குக் கடன்பட்டிருக்கிறார். அக்கடனை மறுப்பது நன்றியின்மை ஆகாதா?

திருமணம் என்பதுதான் யாது? அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். உளுந்து கலந்து சமைத்த சோற்றுப் பந்தி, புதுமணல் பரப்பிய பந்தல், வைகறை விளக்கு, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து கூறும் வாழ்த்து: இவ்வளவே. தீ வளர்த்தலும் புரோகிதர் மந்திரமும் அப்பாட்டில் இல்லை. இனி இக்காலத்துக்கு வருவோம். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கி 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்த திருத்தம், மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் உறுதி கூறி மாலை மாற்றுவதையோ மோதிரம் அணிவதையோ தாலி கட்டுவதையோ போதுமெனக் கொண்டது. ஆயினும் உற்றார், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலை வேண்டும் என்றது. மலேசியாவில் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச்சு 1 முதல் நடப்புக்கு வந்த, முஸ்லிமல்லாதாருக்கான திருமணச் சட்டமும், இருவர் மனமொத்த இசைவையும், பதிவாளருடன் நம்பத்தக்க சாட்சிகள் இருவரையும் கேட்கின்றது. காலமும் நாடும் வேறாயினும் இம்மூன்றும் ஒன்றிலே ஒத்திருத்தலைக் காண்க. எதுவும் பொன்னைக் கேட்கவில்லை. எதுவும் ஆடம்பரத்தைக் கேட்கவில்லை. எல்லாம் மனிதரைக் கேட்கின்றன.

ஏன் மனிதர் வேண்டும்? வாக்குக் கொடுப்போர் இருவரே. ஆனால் அவ்வாக்கைக் காப்பது இருவரால் மட்டும் ஆவதன்று. வேலை போன நாளில், நோய் வந்த நாளில், கோபத்தில் ஒருவர் வாசற்படி தாண்டும் நாளில், “யாம் அன்று பந்தலில் இருந்தோம்” என்று உரிமையோடு வந்து நிற்பார் சிலர் வேண்டும். பந்தியில் உண்டவன் சாட்சியாகிறான், சாட்சியானவன் பொறுப்பாளியாகிறான். ஆதலின் ஊருக்குச் சோறிட வேண்டும் என்று அத்தந்தையார் கூறியதில் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது.

பழைய தோட்டத்துக் கலியாணத்தை நினைவு கூர்வோம். பந்தற்கால் வெட்டி வருவோர் லயத்து இளைஞர். கீற்று முடைவோர் கிழவர். முதல் நாள் இரவெல்லாம் காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் அரைக்கவும் அமர்ந்தோர் அண்டை வீட்டுப் பெண்டிர். அண்டாவும் குண்டாவும் கோயிலுடையவை. அதனைப் பொற்காலம் என்று புகழ யாம் முற்படவில்லை. சாதி பார்த்துப் பந்தி பிரித்த இழிவும் அங்கே உண்டு. கள்ளும் சண்டையும் உண்டு. கங்காணியிடமும் செட்டியாரிடமும் கைநீட்டியதும் உண்டு. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே பேசி முடித்த கொடுமையும் உண்டு. அவை ஒழிந்தது நன்று. ஆனால் அவற்றோடு ஒழியக் கூடாதது ஒன்றும் ஒழிந்தது. அதுவே கை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்க வேண்டித் தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் பொருட்டு, துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, லயத்து மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். ஒருவர் இரவு வேலை, ஒருவர் பகல் வேலை. பக்கத்து வீட்டார் முகமே அரிது. கை வருவது நின்றபின் அக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. மணமக்கள் கொணர்ந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். நகையும் படமும் போன்ற சில நீங்கலாக, அதிலிருந்த வரிகளிற் பெரும்பாலன ஒரு காலத்தில் அழையாமலே வந்து நின்ற ஒரு கையின் விலையாகவே இருந்தன!

மொய்யும் அவ்வாறே. அது தொடக்கத்தில் காசு வடிவில் வந்த கை. இன்று அவருக்குத் தேவை, நாளை நமக்கு என்று ஊரே மாறி மாறித் தாங்கிய ஏற்பாடு. அதனை வருமுன்னே வரவாக எழுதிக்கொண்டு செலவு செய்யத் தொடங்கிய அன்றே அதன் இயல்பு கெட்டது. விருந்தினர் முதல் போடுவோர் ஆயினர். அழைப்பிதழ் வசூல் சீட்டாயிற்று. இதனால் வரும் தீங்கு மணவீட்டாரோடு நிற்பதில்லை. உறையில் வைக்க ஐம்பது வெள்ளி இல்லாத ஏழை அத்தை, “உடம்பு சரியில்லை” என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். சாட்சியாக முதலில் வந்திருக்க வேண்டியவள் அவளன்றோ? ஏழை உறவை வாசலிலே நிறுத்தும் கலியாணம் ஊர் கூடிய கலியாணம் ஆகுமா?

மொய் குறைந்தால் வட்டிக்காரன். கூட்டு என்னும் சீட்டு நடத்தும் தொழிலை 1971-இல் சட்டம் தடுத்தது. 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டமோ, ஈடுள்ள கடனுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 12, ஈடற்ற கடனுக்கு நூற்றுக்கு 18 என வட்டிக்கு வரம்பு கட்டியிருக்கிறது. காகிதம் வேண்டாம், பேங்க் அட்டை போதும் என்பவன் இவ்வரம்புக்குள் நிற்பவன் அல்லன். சம்பளம் வந்த அன்றே அவன் கை அதில் நுழையும். ஒருவரையொருவர் காப்போம் என்று வாக்களிக்கும் இருவர், அவ்வாக்குக்கு முன்பே தம் வருங்கால உழைப்பை அயலான் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டால், பிறகு எதைக்கொண்டு காப்பார்கள்?

இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. ஊருக்குப் பட்ட கடன் தந்தையுடையது; அதைத் தீர்க்க வாங்கும் கடனோ மகள் தலையிலும் மருமகன் தலையிலும் விழுகின்றது. தன் கடமையைப் பிறர் தோளில் ஏற்றித் தீர்ப்பவன் அதனைத் தீர்த்தவனாகான். இடம் மாற்றியவனே ஆவான்.

“ஏழைக்கு வாழ்நாளில் ஒரு நாள் மகிழ்ச்சி, அதையும் பறிக்கிறீரா?” என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வியே. மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. இன்னும் சொல்லப்போனால், சிக்கனத்தை ஏழைக்கு மட்டும் போதிப்பது கோழைத்தனம். பட்டணத்துச் செல்வர் வீட்டு மணவறையைப் பார்த்தே மற்றவர் தம் மணவறையை அளக்கின்றனர். ஆகவே முதலில் அடக்கம் பழக வேண்டியவர் அவர்களே. சீர்திருத்த மணம் என்று பெயரிட்டுப் பெரிய மண்டபம் பிடித்து மூன்று மணி நேரம் சொற்பொழிவாற்றுவோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.

நிற்க. அப்பெரியவரிடம் மீண்டும் சென்றோம். “அண்ணே, நீங்கள் ஊருக்குப் பட்ட கடன் சோறு, அலங்காரம் அன்று. சோற்றை நீங்களே போடுங்கள்,” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “பெரிய அண்டா இன்னும் கோயிலில் இருக்கிறதா?” என்று கேட்டார்.

திருமணம் முதலில் பதிவாளர் முன்னிலையில் நடந்தது. பிறகு, எல்லாரும் போட்டியிடும் ஆவணி முகூர்த்தத்தை விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் மணமக்கள் தமிழில் உறுதி கூறி மாலை மாற்றினர், தாலியும் அணிவித்தாயிற்று. “பணம் வேண்டாம், முடிந்தவர்கள் முதல் நாள் மாலையே வாருங்கள்” என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தனர். பழைய தோட்டத்தார் பலர் வந்தனர். அடுப்படியில் நின்றவர் தந்தையாரே. குறையில்லாமலும் இல்லை: சாம்பார் சிறிது உப்புக் கரித்தது, குளிர்ச்சி வசதியுள்ள மண்டபம் பிடிக்கவில்லை என்று இளைஞரின் சித்தி முகம் கோணி, உண்ணாமலே போய்விட்டார். செலவு அவர்கள் சேமிப்புக்குள் அடங்கிற்று. ஏழை அத்தையர் சிலர் வெறுங்கையோடு வந்து, இரவெல்லாம் வெங்காயம் உரித்தனர்.

விருந்து முடிந்தபின் அப்பெரியவர் மொய் எழுத வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து அமர்ந்தார். பணமே வாங்காதபோது எதை எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தோம். காய் நறுக்கியவர் இன்னார், தண்ணீர் சுமந்தவர் இன்னார், பாத்திரம் கழுவியவர் இன்னார் என்று வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் எதற்கு, அண்ணே?”

“திருப்பிச் செய்ய வேண்டாமா, தம்பி? கடன் அல்லவா?” என்றார்.

மணம் செய்யவிருக்கும் இளைஞரும் நங்கையரும், அவர்களைப் பெற்றோரும், கணக்கெழுதும் தாளைக் கையிலெடுக்குமுன் ஒன்றைச் சிந்திப்பார்களாக. நமக்குத் தேவையான கைகள் எவை, அவை எவரிடம் உள்ளன, அவர்களை நாம் கேட்டோமா? கேட்ட பின்பும் எஞ்சுவது எதுவோ, அதற்கு மட்டும் காசைத் தேடுவோம். அக்காசும் நம்முடையதாகவே இருக்கட்டும்.